சிகாகோவில் வாசித்தார், ஷாங்காயில் ஜொலித்தார், கல்கத்தாவில் அடங்கினார்... பியானோ ராஜா டெடி வெதர்ஃபோர்டு கதை!

கெலமங்கலம் பக்கம் கல்யாண சீசன் வந்துவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் தெரு களைகட்டும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு செட் போகும். ரெண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், தோளில் மாட்டிய டிரம்கள். பிள்ளையார் பாட்டில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் இளையராஜா. பொண்ணு வீடு ஆனேக்கல் பக்கம் என்றால் ஒரு ராஜ்குமார் பாட்டு. கூட்டத்தில் நாலு பேர் தெலுங்குக்காரர்கள் இருந்தால் அதற்கும் ஒன்று. மூன்று பாஷைக்கும் அதே டிரம்பெட்தான்.

அந்த டிரம்பெட்டும் சாக்ஸபோனும் நம்ம சினிமா பாட்டுக்குள் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நூல் பிடித்துப் பின்னாடியே போனால் பம்பாய் ஸ்டூடியோக்களில் வாசித்த கோவாக்காரர்களிடம் போய் நிற்போம். அவர்களில் சிலருக்கு வாத்தியார் யார் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தால், நூலின் அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்பின அமெரிக்கர் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பார். பெயர் டெடி வெதர்ஃபோர்டு. ஒரு காலத்தில் சிகாகோவில் இவர் விரல்களைப் பார்க்கவே மற்ற பியானோக்காரர்கள் வருவார்களாம். 41 வயதில் கல்கத்தாவில் காலராவில் செத்துப்போனார். நடுவில் நடந்தது ஒரு வெப் சீரிஸுக்கு ஆகும்.

நிலக்கரி ஊர்ப் பையன்

1903 அக்டோபர் 11. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் போக்கஹான்டஸ் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். சுரங்கத்தை நம்பியே பிழைத்த நிலக்கரி ஊர் அது. வளர்ந்தது பக்கத்தில் ப்ளூஃபீல்டில். நிலக்கரி ரயில்கள் வந்து சேர்ந்து, பிரிந்து போகிற ரயில்வே ஊர். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு ஜோலார்பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது நாற்பது வருஷம்கூட ஆகவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெடியின் வாழ்க்கையில் அவர் எடுத்த ஒவ்வொரு டிக்கெட்டுக்குப் பின்னாலும் இந்த விஷயம் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

12 வயதில் நியூ ஆர்லியன்ஸ் போகிறார். 1915-லிருந்து 1920 வரை அங்கேதான். ஜாஸ் பிறந்து தவழ்ந்த ஊர். லூயி ஆம்ஸ்ட்ராங் என்கிற, இவரைவிட ரெண்டு வயசு மூத்த பையன் அதே ஊரில் அதே நேரத்தில் கார்னெட் ஊதிப் பழகிக்கொண்டிருந்தான். சாவு ஊர்வலத்துக்கும் பேண்டு, கொண்டாட்டத்துக்கும் பேண்டு என்று வாழும் ஊர். டெடி பியானோவைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து ஜாஸ் பியானோ எப்படி இருக்கும்? இடது கை தவில் வேலை பார்க்கும், வலது கை நாகஸ்வர வேலை பார்க்கும். இடது கை அடி ஸ்வரத்தில் ஒரு குத்து, அங்கிருந்து தாவி நடுவில் ஒரு கொத்து, மறுபடி அடியில் குத்து என்று விடாமல் குதித்துக்கொண்டே இருக்கும். தாளத்துக்கென்று தனி ஆள் வேண்டாம். அதுக்கு மேலே வலது கை தன் இஷ்டத்துக்குப் பறக்கும். பாட்டு தெரிந்த பாட்டுதான், ஆனால் எப்படிப் போகும் என்பது அந்த நிமிஷம் வாசிக்கிறவருக்கே வெளிச்சம். நம்ம வித்வான்கள் மனோதர்மம் என்று சொல்வதற்குச் சொந்தக்கார விஷயம். ரெண்டு கைகளும் ரெண்டு ஆட்கள் மாதிரி சண்டை போட வேண்டும், ஆனால் தாளம் ஒரு மயிரிழைகூடப் பிசகக் கூடாது. டெடிக்கு ரெண்டு கையும் பெரிய கை, பலமான கை.

ஊமைப் படத்துக்குப் பின்னணி

1920-களின் தொடக்கத்தில் சிகாகோவுக்கு வருகிறார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே கிளம்பிய காலம். கசாப்புத் தொழிற்சாலைகளும் எஃகு ஆலைகளும் ஆட்களைக் கூப்பிட்டன. கூடவே இசையும் ரயிலேறி வந்தது. சிகாகோவின் சவுத் சைடில் தெருவுக்குத் தெரு கிளப், நடன அரங்கம், தியேட்டர்.

அதில் ஒன்று வென்டோம் தியேட்டர். அப்போது படம் பேசாது. திரைக்கு முன்னால் ஒரு இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கும். வென்டோமில் எர்ஸ்கின் டேட் என்பவர் நடத்திய குழு படத்துக்கு நடுவே தனிக் கச்சேரியே பண்ணும். படத்தைவிட அதைக் கேட்க வந்த கூட்டம் அதிகம் என்பார்கள். அந்தக் குழுவில் பியானோ டெடி. டிரம்பெட் யார் தெரியுமா? அதே லூயி ஆம்ஸ்ட்ராங்.

1926 மே மாதம் இந்தக் குழு ரெண்டு பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தது. ஸ்டாட்டிக் ஸ்ட்ரட், ஸ்டாம்ப் ஆஃப் லெட்ஸ் கோ. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம்தான். யூடியூபில் தேடினால் கிடைக்கும். பழைய இசைத்தட்டு என்பதால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும். அதைப் பொறுத்துக்கொண்டால், நூறு வருஷத்துக்கு முந்தைய வேகம் இது என்று நம்பவே முடியாது. அடித்துத் தூக்குகிற பியானோ டெடியுடையது.

சிகாகோவில் அப்போது புதிதாக வந்திருந்த இன்னொரு பியானோக்காரர் ஏர்ல் ஹைன்ஸ். டெடியின் வயசுதான். நகரத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த பியானோ டெடியுடையது. ஹைன்ஸும் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்தான். இன்றைக்கு ஜாஸ் புத்தகம் எதை எடுத்தாலும் நவீன ஜாஸ் பியானோவின் தகப்பன் என்று ஹைன்ஸ் பெயர்தான் இருக்கும். 1928-ல் ஆம்ஸ்ட்ராங்குடன் ஹைன்ஸ் சேர்ந்து வாசித்த பதிவுகள் சரித்திரம் ஆகிவிட்டன. டெடி பெயர் அடிக்குறிப்பில் இருந்தால் உண்டு.

ஏன்? அந்த 1928-ல் டெடி சிகாகோவிலேயே இல்லை.

கப்பல் ஏறினார்

1926-லேயே ஜாக் கார்ட்டர் என்கிற டிரம்மர் ஆசியாவுக்கு ஒரு குழு சேர்த்தார். டெடி கிளம்பிவிட்டார். 22 வயசு. பாடகி, டிரம்பெட் வாசிப்பவர் வலாய்டா ஸ்னோவும் அந்தக் குழுவில் இருந்தார். பெண்கள் டிரம்பெட் ஊதுவதையே அதிசயமாகப் பார்த்த காலம் அது.

போய் இறங்கிய இடம் ஷாங்காய். பிரிட்டிஷ்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்கள், சீனப் பெரும்பணக்காரர்கள், கடத்தல்காரர்கள் என்று எல்லோரும் கலந்து கிடந்த துறைமுகம். விடிய விடிய நடனம். அமெரிக்காவிலிருந்து நேராக வந்த ஜாஸ்காரருக்கு அங்கே ஏக கிராக்கி. ஒரே ராத்திரியில் நாலு கிளப்புகளில் சிறப்பு விருந்தினராக வாசித்துவிட்டு நாலிலும் சம்பளம் வாங்கியிருக்கிறார் டெடி. ஒரு கிளப்பில் கொஞ்ச நேரம், அப்புறம் அடுத்த கிளப்புக்கு வண்டி. இன்றைக்கு ஒரே நாளில் மூன்று கடை திறப்பு விழாவுக்குப் போகிற சினிமா நட்சத்திரங்களுக்கு இவர்தான் முன்னோடி!

1933-ல் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், சோவியத் ரஷ்யாவைச் சுற்றிவிட்டு ஷாங்காய் வந்தார். சொந்த நாட்டில் படாத பாடுபட்ட ரெண்டு பேர் சீனாவில் சந்தித்துக்கொள்கிறார்கள். ஊரைத் தெரிந்து வைத்திருந்தவர் டெடி. பின்னால் தன் சுயசரிதையில் ஹியூஸ் டெடியைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறார். பெரிய உருவம், கலகலப்பான மனுஷன், ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்கிற சித்திரம் அதில் கிடைக்கிறது.

1934-ல் டெடி ஒரு நடை அமெரிக்கா போய் வந்தார். குடும்பத்தைப் பார்க்கவா? இல்லை, ஆள் பிடிக்க! ஷாங்காயின் பிரெஞ்சுப் பகுதியில் நாய்ப் பந்தய மைதானத்தோடு சேர்ந்து கேனிட்ரோம் என்று ஒரு பிரம்மாண்ட நடன அரங்கம் இருந்தது. அதற்கு ஒரு முழு பிக் பேண்ட் வேண்டும். பிக் பேண்ட் என்றால் டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை, அதுக்குப் பின்னால் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்று பத்துப் பதினாலு பேர். கலிஃபோர்னியாவில் பக் கிளேட்டன் என்கிற இளம் டிரம்பெட் கலைஞரின் குழுவைப் பிடித்து, மொத்தமாக ஷாங்காய்க்குக் கூட்டி வந்தார்.

ஷாங்காய் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அதே வருஷம் கேனிட்ரோமில் ஜாக் ரைலி என்கிற முன்னாள் கடற்படை வீரர், வெள்ளைக்காரர், சூதாட்ட எந்திரங்களை வைத்து ஊரையே ஆண்டவர், கிளேட்டனோடு தகராறு செய்து கை வைத்தார். வேலை போனது யாருக்கு? கிளேட்டன் குழுவுக்கு. நிறவெறி கப்பலேறி அங்கேயும் வந்திருந்தது. கிளேட்டன் அப்புறம் சின்ன அரங்கங்களில் சீனப் பாட்டுகளை ஜாஸாக மாற்றி வாசித்துப் பிழைத்துவிட்டு ஊர் திரும்பி, கவுண்ட் பேஸியின் புகழ்பெற்ற குழுவில் நட்சத்திரமானார். டெடி திரும்பவில்லை.

தாஜ் ஹோட்டலில் கறுப்பு விரல்கள்

1935-ல் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு லியோன் ஆபி என்கிற வயலின் கலைஞரின் தலைமையில் முதல் கறுப்பின ஜாஸ் குழு வந்தது. அடுத்து கார்னெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித்தின் குழு. (பெயர்தான் கிரிக்கெட். பேட் பிடித்தவர் இல்லை.) 1936-ல் அதில் பியானோவுக்கு டெடி வந்து சேர்ந்தார். டெடி பிறந்த அதே 1903-ல் திறக்கப்பட்ட ஹோட்டல் அது. கடலைப் பார்த்த நடனக் கூடத்தில் மகாராஜாக்களும், பார்சி தொழிலதிபர்களும், வெள்ளைக்கார அதிகாரிகளும் ஆட, இவர்கள் வாசித்தார்கள். அந்த வருஷமே பம்பாயில் இசைத்தட்டும் பதிவு செய்தார்கள். அதில் தாஜ் மஹால் என்றே ஒரு நடனப் பாட்டு உண்டு. பத்திரிகையாளர் நரேஷ் ஃபெர்னான்டஸ் பம்பாய் ஜாஸின் கதையை எழுதி 2012-ல் வெளியிட்டபோது அதையே புத்தகத்தின் பெயராக்கினார்.

நடுவே 1937-ல் பாரிஸ். உலகக் கண்காட்சி நடந்த வருஷம். ஜாஸுக்காகவே புதிதாகத் தொடங்கிய ஸ்விங் என்கிற கம்பெனிக்குத் தனியாக உட்கார்ந்து பியானோ வாசித்துப் பதிவு செய்தார். அதில் ஒன்றுக்கு வெதர் பீட்டன் ப்ளூஸ் என்று பெயர். தன் பெயரை வைத்துத் தானே செய்த விளையாட்டு. வெயிலிலும் மழையிலும் அடிபட்டவனின் சோகப் பாட்டு என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். இதையும் கேட்டுப் பாருங்கள். குழு இல்லாமல், அவருடைய ரெண்டு கைகள் மட்டும். பாரிஸிலேயே தங்கியிருந்தால் ஐரோப்பாவில் பெரிய ஆளாகியிருப்பார். அந்தக் கோடையில்தான் ஜப்பான் ராணுவம் சீனாவுக்குள் நுழைந்து ஷாங்காய் பற்றி எரிந்தது. அவருடைய பழைய ஊர் போய்விட்டது. அவர் பம்பாய்க்கே திரும்பி வந்தார். இப்போது குழுவுக்கே தலைவர்.

இங்கேதான் நம்ம கதை ஆரம்பிக்கிறது. டெடியின் குழுவில் அமெரிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். கிளாரினெட், சாக்ஸ் வாசித்த ரூடி ஜாக்ஸன் ஒரு காலத்தில் டியூக் எலிங்டன் குழுவில் இருந்தவர். ராய் பட்லர் என்கிற சாக்ஸ் கலைஞர் இன்னொருவர். மற்ற நாற்காலிகளில் உட்கார ஆட்கள் இங்கேயே வேண்டும். வந்தவர்கள் கோவாக்காரர்கள்.

கோவாவில் போர்ச்சுகீசியர் ஆட்சியில் மாதா கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடங்களில் பையன்களுக்கு மேற்கத்திய இசைக் குறிப்பு படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வயலின் தெரியும், டிரம்பெட் தெரியும், எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் தடுமாறாமல் வாசிப்பார்கள். ஆனால் ஜாஸ் தாளில் முழுசாக இருக்காது. தாளில் ஸ்வரம் இருக்கும், ஆட்டம் இருக்காது. ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் இழுத்து அடுத்ததை லேசாகத் தள்ளிப் போடுவது, அதைக் கூடவே உட்கார்ந்து கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஃபிராங்க் ஃபெர்னான்ட் என்கிற கோவா டிரம்பெட் கலைஞர் அந்தப் பாடத்தை டெடி பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். கறுப்பினக் கலைஞர்கள் எப்படி வாசிப்பார்களோ அப்படி வாசிக்க அவரிடம்தான் கற்றதாகக் கடைசி வரை நினைவுகூர்ந்தார். பின்னாளில் ஃபிராங்க் ஃபெர்னான்ட் இந்தி சினிமா இசைக்கூடங்களில் வேலை பார்த்தார். கொங்கணியில் அம்சம் நொசிப், நிர்மோன் என்று ரெண்டு படங்களும் எடுத்தார்.

டெடியின் பயணத்தில் கொழும்பும் வருகிறது. அங்கேயும் குழு நடத்தினார். ஆனால் கடைசி ஊர் கல்கத்தா.

சௌரிங்கியில் நடனம், வாசலில் பஞ்சம்

கல்கத்தாவின் சௌரிங்கி சாலையில் கிராண்ட் ஹோட்டல். 1930-களில் அங்கே தண்ணீர், சாக்கடைக் கோளாறால் நோய் பரவி ஆட்கள் செத்து, ஹோட்டலையே மூடிப் போட்டிருந்தார்கள். யாரும் தொடப் பயந்த அந்தக் கட்டடத்தை எம்.எஸ்.ஓபராய் குத்தகைக்கு எடுத்துத் திரும்பத் திறந்தார். இரண்டாம் உலகப்போர் வந்தது. ஹோட்டல் நிரம்பி வழிந்தது. இந்த ஹோட்டலின் பிக் பேண்டுக்கு டெடி தலைவர்.

பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் கல்கத்தா போர்முனையின் பின்வாசல் ஆகிவிட்டது. 1942 டிசம்பரில் நகரத்தின் மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ வீரர்கள் விடுப்பில் குவிந்தார்கள். அஸ்ஸாமின் லெடோவிலிருந்து சீனாவை நோக்கிக் காட்டுக்குள் சாலை போட்ட அமெரிக்கப் படையில் சுமார் 15,000 பேர், அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின வீரர்கள். ராணுவத்திலும் கறுப்பருக்குத் தனிப் பிரிவு, தனி முகாம். வெள்ளை, கறுப்பு என்று பிரித்து வைக்கப்பட்டிருந்த அந்தப் பையன்கள் ஊர் ஞாபகத்தில் கேட்ட பாட்டை, பதினாறு வருஷத்துக்கு முன்பே ஊரை விட்டு வந்த ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய குழுவைப் பாருங்கள். கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ஜப்பானுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர்கள், நேபாளி ஒருவர். நம்ம ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஷிஃப்டுக்கு நிற்கிற கூட்டத்துக்குச் சளைத்ததில்லை. அந்த நேபாளி டிரம்பெட் கலைஞரின் சொந்தப் பெயர் புஷ்கர் பகதூர். மேடைக்காக ஜார்ஜ் பேங்க்ஸ் என்று வைத்துக்கொண்டார். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

கல்கத்தாவில் இந்தக் குழு நிறைய இசைத்தட்டுகள் பதிவு செய்தது. அந்தத் தட்டுகளுக்கு மூலப்பொருளே நம்ம நாட்டு அரக்குதான். மரத்துப் பூச்சி தருகிற அதே அரக்கு இங்கிருந்து உலகம் பூராவும் போனது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். டெடியின் வாழ்நாள் உழைப்பில் பாதி அப்படி உடைகிற பொருளில்தான் இருந்தது.

ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்ணைக் கல்கத்தாவில் கல்யாணம் செய்துகொண்டார். வீடு, மனைவி, குழு, பெயர் எல்லாம் இந்த ஊரில்.

இப்போது ஒரு விஷயம். அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். 20 லட்சத்துக்கும் மேல் மக்கள் பசியிலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் செத்தார்கள். கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வந்து, கஞ்சித் தண்ணீர் கேட்டு வீட்டு வாசல்களில் நின்றார்கள். சௌரிங்கியின் நடைபாதையில் பிணங்கள். கதவுக்கு உள்ளே சாப்பாட்டு மேஜை, வெள்ளை மேல்சட்டை, பிக் பேண்ட். அந்தக் கதவைத் தாண்டித்தான் டெடி தினமும் வேலைக்குப் போனார். அவருக்கு என்ன தோன்றியது என்று எழுதி வைக்கவில்லை. இசைக்காரர் ராத்திரி வாசித்தால்தான் காசு என்பது உண்மை. அந்த ஹாலில் இருந்தவர்கள் ஆடினார்கள் என்பதும் உண்மை. எனக்கு அந்த இசைத்தட்டுகளைக் கேட்கும்போது கால் தாளம் போடுகிறது, உடனே அந்த வருஷம் ஞாபகத்துக்கு வந்து நின்றுவிடுகிறது.

பதிமூன்று நாள்

பஞ்சம் முடிந்தும் நோய் முடியவில்லை. வங்காளத்தில் மழைக்கு முந்தைய கோடை மாதங்கள் காலராவுக்கு உகந்த காலம். 1945 ஏப்ரலில் டெடிக்குக் காலரா வந்தது. ஏப்ரல் 25-ம் தேதி இறந்துபோனார். பதிமூன்று நாள் கழித்து, மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்தது.

காலராவில் உடம்பின் தண்ணீரும் உப்பும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதை உடனே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடனே நீட்டுகிறார்களே ஓஆர்எஸ் பாக்கெட், உப்பும் சர்க்கரையும் கலந்தது, அதுதான் மருந்து. 1971-ல் வங்காள எல்லை அகதி முகாமில் அதை வைத்து ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்துக் காட்டியவர் திலீப் மஹலானபிஸ், கல்கத்தா டாக்டர். டெடி இறந்து 26 வருஷத்துக்குப் பிறகு, அதே ஊர்க்காரர்.

அவர் போனபோது அமெரிக்க ஜாஸ் உலகம் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் புது மாதிரி ஜாஸை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 19 வருஷமாக ஆசியாவில் இருந்தவரை அங்கே யார் தேடப் போகிறார்கள்? 1963-ல் அதே அமெரிக்க அரசு, கறுப்பினப் பியானோ மேதை டியூக் எலிங்டனின் பிக் பேண்டை அரசுச் செலவில் டெல்லி, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று அனுப்பி நாட்டின் பெருமையாகக் காட்டியது. டெடி இந்த ஊர்களில் பலவற்றில் யாரும் அனுப்பாமலே வந்து வாசித்துவிட்டுப் போயிருந்தார்.

ஆனால் இங்கே விதைத்தது முளைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள், பம்பாயில் 1949-ல் மதுவிலக்குச் சட்டம் வந்தது, ஹோட்டல் நடனக் குழுக்களுக்கு வேலை குறைந்தது. கோவா இசைக்காரர்கள் சினிமா ஸ்டூடியோ பக்கம் நடந்தார்கள். சிக் சாக்லேட் என்கிற கோவா டிரம்பெட் கலைஞர், இசையமைப்பாளர் சி.ராமச்சந்திராவோடு வேலை பார்த்த அல்பேலா (1951) பாட்டுகளில் ஜாஸ் துள்ளும். அதே சி.ராமச்சந்திரா நமக்கும் சொந்தக்காரர்தான். வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958) படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுவார்களே, அந்தப் படத்துக்கு இசை அவர்தான்.

ஜார்ஜ் பேங்க்ஸை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவருக்கு 1941-ல் டார்ஜிலிங்கில் ஒரு மகன் பிறந்தான். ஆம்ஸ்ட்ராங் மேல் இருந்த பக்தியில் லூயி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார். அந்த மகன் பியானோ படித்து, கல்கத்தாவில் வாசித்து, பம்பாய் போய், இந்திய ஜாஸின் பெரிய பெயரான லூயி பேங்க்ஸ் ஆனார். 1988-ல் தூர்தர்ஷனில் வந்த 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பாட்டின் இசையில் அவருக்குப் பங்கு உண்டு. பாலமுரளி கிருஷ்ணா தமிழில் பாட, கமல்ஹாசனும் வந்து போவாரே, அதே பாட்டு. உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டால் உடனே முணுமுணுப்பார்கள். லூயி பேங்க்ஸின் மகன் ஜினோ பேங்க்ஸ் இப்போது டிரம்ஸ் வாசிக்கிறார்.

டெடியைக் கேட்க வேண்டும் என்றால் ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 1926 சிகாகோ, ஸ்டாட்டிக் ஸ்ட்ரட். அப்புறம் 1937 பாரிஸ், வெதர் பீட்டன் ப்ளூஸ். கடைசியாக அவருடைய கல்கத்தா இசைத்தட்டுகளில் எது கிடைத்தாலும் போடுங்கள். இயர்போனில் கேட்டால் அந்த இடது கை நன்றாகக் கேட்கும்.